வேட்டையின் சுவை எங்கே இருக்கிறது?

சிதம்பரத்திற்குப் புலியூர் என்று ஒரு பழம்பெயர் உண்டு. ஊரைச் சுற்றி நெல்வயல்களும் உப்பங்கழிகளும்தான் இருக்கின்றன, புலி கிடையாது. பெயருக்குக் காரணம் புலிக்கால் முனிவர். வண்டு மொய்ப்பதற்கு முன்பே, இருட்டோடு இருட்டாக, பனியில் வழுக்கும் மரங்களில் ஏறிப் பூஜைக்குப் பூப் பறிக்க வேண்டும். அதற்காகப் புலியின் காலும் கண்ணும் வேண்டும் என்று அவர் இறைவனிடம் கேட்டுப் பெற்றார் என்பது தலபுராணம். அவர் கேட்டதைக் கவனியுங்கள். வழுக்காத கால், இருட்டில் தெரியும் கண். புலியின் பல்லை அவர் கேட்கவில்லை.

இந்தக் கதை என் நினைவுக்கு வந்ததற்கு ஒரு மாணவர் கேட்ட கேள்வி காரணம். ஜிம் கார்பெட்டின் புத்தகம் ஒன்றைப் படித்து முடித்த சூட்டோடு அவர் என்னிடம் வந்தார். "சார், இவருக்கு ஆட்கொல்லியைச் சுட வேண்டிய அவசியம் இருந்துச்சு. பொழுதுபோக்குக்காகச் சுட்டவங்களுக்கு அதுல என்ன சார் திருப்தி?" என்றார். "கொடூர குணம்தான்; வேறென்ன?" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகுதான் அது பதிலே அல்ல என்று உறைத்தது. உண்டிவில்லில் கல் வைத்து ஓணானைக் குறிபார்த்த சிறுவர்களில் நானும் ஒருவன். அன்று எனக்குக் கொடூர குணம் இருந்ததாக நினைவில்லை. இருந்தது வேறு ஏதோ ஒன்று. அது என்ன?

இந்தக் கேள்வியை ஆராய்ச்சியாளர்கள் கேட்டிருக்கிறார்கள். வேட்டைக்காரர்களும் தங்கள் நூல்களில் விடை சொல்லியிருக்கிறார்கள். அந்த விடைகளைச் சற்று உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று பெட்டிகள்

அமெரிக்காவில் ஏல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் கெல்லர்ட் என்பவர் 1978ஆம் ஆண்டில் வேட்டைக்காரர்களைப் பற்றிய ஓர் ஆய்வை வெளியிட்டார். எதற்காக வேட்டையாடுகிறீர்கள் என்று அந்நாட்டு மக்களிடம் கேட்டு, விடைகளைக் கொண்டு அவர்களை மூன்று வகையாகப் பிரித்தார். இறைச்சிக்காக வேட்டையாடுவோர் ஏறத்தாழ 44 சதவீதம். போட்டி, திறமை, ஆதிக்கம் இவற்றுக்காக ஆடுவோர் ஏறத்தாழ 38 சதவீதம். காட்டையும் விலங்கையும் நெருங்கி அறிவதற்காக ஆடுவோர் ஏறத்தாழ 18 சதவீதம். சுருக்கமாக இவர்களை உணவு வேட்டைக்காரர், விளையாட்டு வேட்டைக்காரர், இயற்கை வேட்டைக்காரர் என்று அழைப்போம்.

அவர் இன்னொன்றும் செய்தார். விலங்குகளைப் பற்றி இவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்று சோதித்தார். இயற்கை வேட்டைக்காரர்களே அதிக மதிப்பெண் பெற்றார்கள். விளையாட்டு வேட்டைக்காரர்களின் மதிப்பெண் தாழ்வாகவே இருந்தது. துப்பாக்கியோடு காட்டில் திரிகிற எல்லாருக்கும் காடு தெரிந்திருக்கும் என்ற பொது நம்பிக்கையை இது உடைத்தது. கெல்லர்ட் செய்த நல்ல காரியம் இது.

ஆனாலும் இந்த வகைப்பாட்டில் எனக்கு மூன்று குறைகள் தென்படுகின்றன. ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதற்குறை: ஏன் என்று கேட்கவில்லை

விளையாட்டு வேட்டைக்காரருக்குப் போட்டியில் திருப்தி என்று சொல்லிவிட்டால், அது பெயர் சூட்டல், விளக்கம் ஆகாது. ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். இராஜஸ்தானத்தில் பரத்பூர் ஏரி நீர்ப்பறவைகளுக்குப் பெயர் பெற்றது. 1938ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், வைசிராய் லின்லித்கோ பிரபுவின் குழுவினர் அங்கே ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தினார்கள். இந்தக் கணக்கு அங்கே கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. பத்து மணி நேரம் சுட்டார்கள் என்று வைத்துக்கொண்டாலும் நிமிடத்திற்கு ஏழு பறவைகள். இத்தனை பறவைகளைத் தின்றிருக்க முடியாது. உற்று நோக்க நேரமும் இருந்திருக்காது. அப்படியானால் இதில் என்ன சுவை?

மூளையைப் பற்றிய ஒரு பரிசோதனை இங்கே உதவுகிறது. உல்ஃப்ராம் ஷுல்ட்ஸும் அவருடைய தோழர்களும் குரங்குகளின் மூளையில் டோபமைன் என்னும் பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களை ஆராய்ந்தார்கள். குரங்குக்கு ஒரு படம் காட்டப்படும்; சற்று நேரம் கழித்துப் பழச்சாறு கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். எந்தப் படத்திற்கு எவ்வளவு வாய்ப்பு என்பது குரங்குக்குப் பழகியிருக்கும். 2003ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: காத்திருக்கும் அந்த இடைவேளையில் நரம்பணுக்களின் கிளர்ச்சி மெல்ல மெல்ல ஏறுகிறது. சாறு நிச்சயம் கிடைக்கும் என்றாலும், நிச்சயம் கிடைக்காது என்றாலும் இந்த ஏற்றம் மிகக் குறைவு. கிடைக்குமா கிடைக்காதா என்பது சரிபாதியாக இருக்கும்போது, அதாவது நிகழ்தகவு 0.5 ஆக இருக்கும்போது, அது உச்சத்தை எட்டுகிறது.

சாற்றுக்குக் காத்திருக்கும் குரங்கும் புலிக்குக் காத்திருக்கும் மனிதனும் ஒன்றல்ல என்பதை நான் மறக்கவில்லை. இருந்தாலும் தூண்டிலில் மிதப்புக்கட்டை ஆடும் கணத்தை அனுபவித்த எவருக்கும் இந்த முடிவு வியப்பளிக்காது. மீன் கூடைக்குள் விழுந்த பிறகு இருக்கும் மகிழ்ச்சி ஒரு வகை. கட்டை அசைந்து, இழுக்கலாமா வேண்டாமா என்று விரல் தயங்குகிறதே, அந்தப் பரபரப்பு வேறு வகை.

இப்போது பரத்பூருக்குத் திரும்புவோம். பறவைகள் எங்கே இருக்கின்றன என்று தேட வேண்டியதில்லை; ஏரி நிறைய இருக்கின்றன. பறவை வருமா வராதா என்ற ஐயமே இல்லை. வேட்டையின் பரபரப்பு எதிலிருந்து பிறக்கிறதோ அதையே முன்னேற்பாடுகள் துடைத்துவிட்டன. மிஞ்சுவது எண்ணிக்கை ஒன்றுதான். எண்ணிக்கையில் திருப்தி தேடுகிறவனுக்கு நிறைவு என்பது வராது. நேற்றைய எண்ணைவிட இன்றைய எண் பெரிதாக இருக்க வேண்டும். சுவை குறையக் குறைய உயிர்க்கணக்கு கூடுகிறது. ஏரிக்குப் பேராபத்தானது இந்த வேட்டைதான்.

இரண்டாம் குறை: மனிதர் பெட்டிக்குள் நிற்பதில்லை

கெல்லர்ட் ஒருவரை ஒரு பெட்டிக்குள் வைக்கிறார். மனிதரோ வாழ்நாளில் பெட்டி மாறுகிறார். இதற்கு நம் நாட்டிலேயே சிறந்த சான்று பறவையியல் அறிஞர் சாலிம் அலி. சிறுவராக இருந்தபோது அவர் கையில் காற்றுத் துப்பாக்கி இருந்தது. பம்பாயில் சிட்டுக்குருவிகளைச் சுடுவது பொழுதுபோக்கு. 1908ஆம் ஆண்டில் அப்படிச் சுட்ட ஒரு குருவியின் கழுத்தில் மஞ்சள் கறை போன்ற ஒரு புள்ளி இருந்தது. இது என்ன குருவி என்ற ஐயம் அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு இட்டுச் சென்றது. கழகச் செயலாளர் மில்லார்ட் அதை மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று இனங்கண்டு, பாடம் செய்த பறவைகளின் தொகுதிகளைத் திறந்து காட்டினார். ஒரு விளையாட்டு வேட்டைக்காரச் சிறுவன் அங்கிருந்து வேறு ஆளாகத் திரும்பினான். 1985ஆம் ஆண்டில் வெளிவந்த தம் சுயசரிதைக்கு அந்தக் குருவியின் வீழ்ச்சியையே அவர் தலைப்பாக வைத்தார்.

இதில் மாறியது என்ன? மாறியது கேள்வி. "விழுமா?" என்பது பழைய கேள்வி. "இது என்ன?" என்பது புதிய கேள்வி. முதல் கேள்விக்குக் குண்டு விடை சொல்லிவிடும்; அதோடு கதை முடிந்துவிடும். இரண்டாம் கேள்விக்கு விடை கிடைத்தால் அதிலிருந்து பத்துக் கேள்விகள் முளைக்கும். சாலிம் அலி பிற்காலத்திலும் ஆராய்ச்சிக்காகப் பறவைகளைச் சுட்டதுண்டு. ஆனால் அவருடைய திருப்தி இருந்த இடம் மாறிப்போயிற்று.

மூன்றாம் குறை: அடுப்பு எரிந்தால் போதுமா?

உணவு வேட்டைக்காரரைப் பற்றிய பார்வையில்தான் எனக்கு அதிக வருத்தம். இறைச்சிக்காக வேட்டையாடுகிறார் என்று எழுதிவிட்டால் அவரைப் பற்றி எல்லாம் சொல்லியாயிற்று என்று எண்ணத் தோன்றுகிறது. வயிறு நிறைவது ஒன்றே அவருடைய திருப்தி என்று நாமும் நினைத்துவிடுகிறோம்.

கடலூர் முதுநகர்ப் பக்கம் உப்பனாற்றங்கரையில் வீச்சு வலை போடுகிறவரைப் பார்த்திருக்கிறீர்களா? மடவை மீன் கூட்டம் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வலை கையை விட்டு, விரிந்து, நீரில் அமிழ்வதற்கு ஒன்றரை நொடி ஆகிறது என்று கொள்வோம். இப்போது மீன் இருக்கும் இடத்தில் வலையை எறிந்தால் வெறும் வலைதான் திரும்பும். ஒன்றரை மீட்டர் முன்னால் எறிய வேண்டும். காற்று, ஓட்டம், மீன் திரும்பக்கூடிய திசை எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துத்தான் அவருடைய தோள் திரும்புகிறது.

அதே ஆற்றில் நிற்கும் கொக்குக்கு இன்னொரு கணக்கு. நீருக்குள் இருக்கும் பொருள் ஒளிவிலகலால் மேலே எழும்பித் தெரியும். நேர் மேலிருந்து பார்த்தால் நாற்பது சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும் மீன் முப்பது சென்டிமீட்டரில் இருப்பதுபோல் தோன்றும். சாய்வாகப் பார்த்தால் இன்னும் மேலே தெரியும். தெரியும் இடத்தில் கொத்தினால் மீன் தப்பிவிடும். கடற்கரைக் கொக்கு வகை ஒன்றை வைத்து காட்சிர், இன்ட்ரேட்டர் என்ற இருவர் செய்த சோதனைகள் 1987ஆம் ஆண்டில் வெளிவந்தன. கொக்கு இந்தப் பிழையைத் திருத்திக்கொண்டு கொத்துகிறது என்று அவை காட்டின. கையில் ஈட்டியோடு நீரில் நிற்கும் மனிதனும் இதே திருத்தத்தைச் செய்தாக வேண்டும்.

ஒருமுறை மாணவர்களை அழைத்துக்கொண்டு பிச்சாவரம் போயிருந்தேன். சிதம்பரத்திலிருந்து சுமார் பதினைந்து கிலோமீட்டர். கிள்ளையை ஒட்டிய அலையாத்திக் காடு. அங்கே வாழும் இருளர்கள் இடுப்பளவு நீரில் இறங்கி, வெறுங்கையால் துழாவி, இறாலும் மீனும் பிடிக்கிறார்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் ஓலைப்பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். ஒரு பெரியவர் சேற்றுக்கரையில் கொக்கிக் கம்பியோடு நண்டு வளைகளைப் பார்த்துக்கொண்டு போனார்.

"ஐயா, இந்த வேலையில உங்களுக்குச் சந்தோஷம் எது?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "சந்தோஷமா? அடுப்பு எரிஞ்சா சந்தோஷம் சார்."

இது எனக்குச் சரியான சூடு. பேனாவும் நோட்டுமாக நின்ற நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் சற்றுத் தள்ளிப் போய் ஒரு வளைக்குள் கம்பியை விட்டார். இரண்டு முறை மெதுவாகத் தட்டினார். "இருக்கு சார். பெருசு" என்றார். பிறகு கம்பியைச் சுழற்றி இழுத்தார். வந்தது பெரிய நண்டுதான். அப்போது அவர் நண்டைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

வாசகரே, என் மாணவரின் கேள்விக்கு விடை அந்தப் பார்வையில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அடுப்பு எரிய வேண்டும் என்பது உண்மை. அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. அதோடு சேர்ந்து இன்னொன்றும் உண்மை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி முன்கூட்டியே ஒன்று சொல்லி, அது மெய்யாகும்போது கிடைக்கும் நிறைவு. விஞ்ஞானத்தில் இதற்குக் கருதுகோள், பரிசோதனை, சரிபார்ப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம். கம்பி தொட்ட அதிர்வு தரவு, "பெருசு" என்பது கருதுகோள், இழுத்தது பரிசோதனை.

புளோரிடாவில் நடந்த சோதனை

நான் இருளரை வீணே புகழ்வதாக நீங்கள் எண்ணக் கூடாது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, அங்குள்ள சிறு விலங்குகளை அழித்து வருகின்றன. 2013ஆம் ஆண்டில் பரிசுப் போட்டி வைத்து வேட்டைக்காரர்களை அழைத்தார்கள். ஏறத்தாழ 1,600 பேர் பதிந்தார்கள். ஒரு மாதத்தில் கிடைத்தவை 68 பாம்புகள். 2016ஆம் ஆண்டுப் போட்டியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பதிந்து 106 பாம்புகளைப் பிடித்தார்கள்.

2017ஆம் ஆண்டு ஜனவரியில் செங்கற்பட்டுப் பகுதியைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை அங்கே வரவழைத்தார்கள். மொழிபெயர்ப்பாளர்களோடு அவர்கள் இறங்கிய முதல் எட்டு நாளில் 13 மலைப்பாம்புகள் பிடிபட்டன. அவற்றில் ஒன்று பதினாறு அடி நீளம். இரண்டு நிகழ்ச்சிகளிலும் இடம், நாள், தேடிய நேரம் ஆகியவை வேறு வேறு. ஆகவே தலைக்கு எத்தனை பாம்பு என்று வகுத்துப் பார்த்து விகிதம் கூறுவது முறையான கணக்கு ஆகாது. தேர்வில் அப்படி எழுதினால் நானே மதிப்பெண் தர மாட்டேன். ஆனால் தடம், உரித்த சட்டை, எச்சம் என்று அடையாளங்களைப் படித்துப் போனவர்கள் பாம்பைக் கண்டார்கள் என்பதில் ஐயமில்லை. 2023ஆம் ஆண்டில் இவ்விருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இன்னும் முக்கியமான செய்தி, இந்தக் கலை கொலையிலிருந்து விடுபட முடிந்தது என்பதே. ஒரு காலத்தில் இருளர்கள் பிடித்த பாம்புகள் தோலுக்காகக் கொல்லப்பட்டன. தோல் வணிகம் தடை செய்யப்பட்டபின், 1978ஆம் ஆண்டில் மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. இங்கே நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்துவந்து, சில முறை நஞ்செடுத்தபின் மீண்டும் விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சு பாம்புக்கடி மருந்து செய்ய உதவுகிறது. தேடலும் உண்டு, திறமையும் உண்டு, கூலியும் உண்டு; பாம்பு மட்டும் சாகவில்லை.

நூல்களை எப்படிப் படிப்பது?

இந்தக் கண்ணோடு வேட்டை நூல்களைத் திரும்பப் படித்துப் பாருங்கள். கார்பெட்டின் குமாயூன் ஆட்கொல்லிகள் பற்றிய நூல் 1944ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் துப்பாக்கி வெடிப்பது சில வரிகளில் முடிந்துவிடும். பக்கங்களை நிரப்புவது காலடித் தடமும், மடிந்த புல்லும், மானின் எச்சரிக்கைக் குரலும்தான். நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு படிப்பது அந்தப் பக்கங்களைத்தான். அந்நூலின் கடைசி அத்தியாயத்தில், புலியைத் துப்பாக்கியால் சுடுவதைவிடப் படக்கருவியால் பிடிப்பதே மேலான இன்பம் என்று அவர் சொல்கிறார். ஆட்கொல்லிகளைச் சுட்டுப் புகழ்பெற்றவரின் சாட்சியம் என்பதால் இதற்கு மதிப்பு அதிகம்.

கென்னெத் ஆண்டர்சன் நம் தருமபுரி, ஒகேனக்கல் காடுகளைப் பற்றி எழுதியவர். 1954ஆம் ஆண்டில் வந்த அவருடைய முதல் நூலில் பைரா என்ற பூசாரிக்குத் தனி அத்தியாயமே உண்டு. காட்டைப் படிக்கத் தெரிந்த அந்த ஏழை மனிதரை அவர் நன்றியோடு நினைக்கிறார். இந்த நேர்மை எல்லா வேட்டை நூல்களிலும் இல்லை. பலவற்றில் தடம் பார்த்தவர் "ஒரு காட்டுவாசி" ஆகிவிடுகிறார். புலித்தோலின்மேல் கால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டவர் வேட்டைக்காரர் ஆகிறார். இனி ஒரு வேட்டைக் கதையைப் படிக்கும்போது, விலங்கு இருக்கும் இடத்தை முதலில் சொன்னவர் யார் என்று கேளுங்கள். கதையின் நாயகர் சில வேளைகளில் மாறிவிடுவார்.

சட்டத்திலும் இந்த ஏற்றத்தாழ்வு உண்டு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், வேட்டையை அடியோடு தடுத்த 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் வேண்டியவையே. அவை இல்லாவிட்டால் நமக்குப் பல விலங்குகள் மிஞ்சியிரா. ஆனால் அந்தத் தடையின் விலையை யார் கொடுத்தார்கள்? ஆயிரக்கணக்கில் சுட்டவர்களுக்குக் கல்வெட்டு கிடைத்தது. பறவை பிடித்துப் பிழைத்த நரிக்குறவர்கள் பிழைப்பை இழந்து ஊசிமணி, பாசிமணி விற்கப் போனார்கள். பழங்குடியினர் பட்டியலில் அவர்கள் சேர்க்கப்பட்டது 2023ஆம் ஆண்டில்தான். பாம்புக்குச் செய்ததுபோல், இவர்களுடைய அறிவுக்கும் ஒரு வேலை தேடித் தந்திருக்க வேண்டும். பறவைகளைக் கணக்கெடுக்கும் நம் மாணவர்களுக்கு இவர்களைவிட நல்ல ஆசிரியர் யார் இருக்க முடியும்?

நீங்களும் வேட்டையாடலாம்

என் மாணவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடையை இப்போது சொல்லிவிடுகிறேன். வேட்டையின் சுவை, ஐயத்தோடு காத்திருப்பதிலும், அடையாளம் கொண்டு ஊகிப்பதிலும், ஊகம் பலிப்பதிலும் இருக்கிறது. உணவு தேடுகிறவர்களுக்கு விலங்கின் சாவு தவிர்க்க முடியாத பகுதி. மற்றவர்களுக்கு அது ஊகம் சரி என்று குத்தப்படும் முத்திரை மட்டுமே. முத்திரையை வேறு விதத்திலும் குத்தலாம்.

வீராணம் ஏரியோ பெருமாள் ஏரியோ உங்கள் ஊர்க் குளமோ, எது அருகில் இருக்கிறதோ அங்கே விடியற்காலையில் போங்கள். நோட்டும் பென்சிலும் போதும். மீன்கொத்தி ஒன்று கம்பத்தில் வந்து உட்கார்ந்ததும், அடுத்த ஐந்து நிமிடத்திற்குள் அது பாயுமா, பாயாதா, பாய்ந்தால் மீனோடு எழும்புமா, திரும்ப எந்தக் கம்பத்தில் உட்காரும் என்று முதலில் எழுதுங்கள். பிறகு பாருங்கள். சரியானதற்கு ஒரு கோடு, தவறானதற்கு ஒரு சுழி. முதல் வாரம் பெரும்பாலும் சுழியாகத்தான் இருக்கும். நான்காம் வாரத்தில் உங்கள் கோடுகளை எண்ணிப் பார்த்து எனக்கு எழுதுங்கள். உண்டிவில் வைத்திருக்கும் தம்பியையும் உடன் அழைத்துச் செல்ல மறவாதீர்கள். குறிபார்க்கத் தெரிந்த கண் அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது.